கோவைல அடங்கி இருந்த சுருட்டை முடி சென்னை வந்ததும் ஏன் இப்படி பறக்குது?

சுருட்டை_கோவை:
வணக்கம் மக்களே, ஒரு ஹெல்ப் வேணுங்க. எனக்கு பொறந்ததுல இருந்தே சுருட்டை முடி, அலை அலையா இருக்கற டைப் இல்ல, விரல்ல சுத்தி விட்ட மாதிரி ஸ்பிரிங் ஸ்பிரிங்கா இருக்கும். ஈரமா இருந்தா முதுகு பாதி வரைக்கும் வரும், காஞ்சா தோளுக்கு ஏறிக்கும். கோயம்புத்தூர்ல இருந்த வரைக்கும் இதுக்குன்னு தனியா ஒன்னும் பண்ணதில்ல. வாரத்துக்கு ரெண்டு தடவ தலைக்கு ஊத்திக்குவேன், லேசா தேங்காண்ணெய், அவ்ளோதான், சுருள் சுருளா அழகா நிக்கும். வேலை கிடைச்சு சென்னை வந்து ஓஎம்ஆர் பக்கம் பிஜில இருக்கேன், இங்க வந்ததுல இருந்து சுருளே விழ மாட்டேங்குது, எல்லாம் பிரிஞ்சு பஞ்சா பறக்குது, தொட்டா சொரசொரன்னு இருக்கு. காலைல ஆபீஸ் போறப்ப ஓரளவுக்கு ஓகே, சாயங்காலம் ஏசில இருந்து வெளிய வந்து சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டறதுக்குள்ள தலை ரெண்டு மடங்கு ஆயிடுது. ஷாம்பூ மாத்தி பாத்தாச்சு, சீரம் போட்டு பாத்தாச்சு. ரூம்மேட் கெரட்டின் பண்ணிக்கோன்றா, அம்மா எண்ணெய் வச்சு பின்னிக்கோன்றாங்க. எனக்கு முடியை நேராக்கவும் வேண்டாம், எப்பவும் பின்னி வைக்கவும் பிடிக்கல. சுருட்டையாவே அடங்கி இருக்க என்ன பண்ணலாம்? பட்ஜெட் பெருசா இல்லீங்க, ப்ளீஸ்.

காரப்பாக்கம்_அக்கா:
ஷாம்பூவ விடும்மா, உங்க பிஜில குளிக்கற தண்ணி எதுன்னு மொதல்ல பாரு. ஓஎம்ஆர்ல முக்காவாசி பிஜி, அப்பார்ட்மெண்ட்ல போர் தண்ணி இல்லன்னா லாரி தண்ணி, ரெண்டும் கலந்தும் விடுவாங்க. குழாய் முனைல வெள்ளையா கட்டி கட்டியா படிஞ்சிருக்கா, பக்கெட் உள்பக்கம் கோடு விழுந்திருக்கா, துணி தோச்சு காஞ்சா வெறப்பா நிக்குதான்னு பாரு. இதுல ரெண்டு இருந்தாலே உப்புத் தண்ணிதான். நீ சிறுவாணி குடிச்சு சிறுவாணில குளிச்சு வந்தவ போல, அந்த மாதிரி சாஃப்ட் வாட்டர் இங்க கனவுலதான். போர் தண்ணில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் முடி மேல ஒட்டிக்கிட்டே வரும், அதான் சொரசொரப்பு. அந்தப் படிவு மேல நீ எவ்ளோ சீரம் போட்டாலும் சும்மா மேல வழுக்கிட்டு நிக்கும்.

நான் பண்றது சொல்றேன். கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு மக் ஆர்ஓ தண்ணி, இல்லன்னா கேன் தண்ணி. தலை முழுக்க கேன் தண்ணில குளிக்கணும்னு இல்ல, அவ்ளோ வசதி யாருக்கு இருக்கு. அப்பறம் மாசத்துக்கு ரெண்டு தடவ கிலேட்டிங் ஷாம்பூ, அதான் இந்த உப்புப் படிவ எடுக்கற ஷாம்பூ. பேரு பாத்து பயப்படாத, பாட்டில் பின்னாடி இடிடிஏன்னு முடியற பேரு லிஸ்ட்டோட நடுவுல இல்ல மேல இருந்தா நல்லது. கடைசில இருந்தா அது ஷாம்பூ கெடாம இருக்க போட்டது, உப்பை எடுக்க இல்ல. அந்த ஷாம்பூ போட்ட அன்னிக்கு கண்டிஷனர் தாராளமா போடணும், இல்லன்னா வைக்கோலாயிடும்.

ஷவர்ல மாட்டற ஃபில்டர் வாங்கிடாத. அதுல பெரும்பாலானது குளோரின எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பை எடுக்கணும்னா பிளாட்டுக்கே சாஃப்ட்னர் போடணும், அது பிஜி ஓனர் போடற கதை இல்ல.

வேதியியல்_தம்பி:
காஸ்மெட்டிக் ஃபார்முலேஷன் லேப்ல வேலை, எனக்கும் தலை முழுக்க சுருட்டைதான் அதனால ஆர்வமா எழுதறேன், நீளமா போச்சுன்னா மன்னிக்கவும். அக்கா சொன்ன தண்ணி மேட்டர் சரி, ஆனா அது பாதிதான், மீதி காத்து. முடிக்குள்ள இருக்கற புரதச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடிச்சு வச்சிருக்கும், தண்ணி பட்டா அது உடையும், காயும்போது அந்த நேரத்துல முடி எந்த வடிவத்துல இருக்கோ அதே வடிவத்துல திரும்ப சேரும். சென்னைல வெளிய வந்தாலே காத்துல இருக்கற ஈரம் முடிக்குள்ள போகுது, ஒவ்வொரு இழையும் தனித்தனியா வீங்கி அது இஷ்டத்துக்கு வளையுது, நாம அதுக்கு ஃப்ரிஸ்னு பேரு வச்சிருக்கோம். நாள் பூரா காஞ்ச ஏசில இருந்துட்டு சாயங்காலம் அந்த புழுக்கத்துல இறங்கறீங்க பாருங்க, சிக்னல்ல ரெண்டு மடங்கு ஆகறது அதான்.

அதனால செய்ய வேண்டியது, ஈரமா இருக்கும்போதே இழைகளை கொத்து கொத்தா சேத்து, அப்படியே காய விடணும். தலை சொட்ட சொட்ட இருக்கறப்பவே கண்டிஷனர் கொஞ்சம் விட்டு வச்சு, அது மேல ஜெல் தடவி, தலைய கவுத்துப் போட்டு கீழ இருந்து மேல கசக்கி விடுங்க. அப்பறம் காயற வரைக்கும் கை வைக்கவே கூடாது, இதுதான் எல்லாரும் சொதப்பற இடம். காஞ்சதும் முடி அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கும், பயந்துடாதீங்க, உள்ளங்கைல ரெண்டு சொட்டு எண்ணெய் தேச்சுட்டு மறுபடி கசக்குனா அந்த மொறுமொறுப்பு உடைஞ்சு சுருள் மட்டும் நிக்கும். சீப்பு ஈரத்துல மட்டும், அதுவும் அகல பல்லு. காஞ்ச சுருட்டைய வாரினா எந்த ப்ராடக்டும் காப்பாத்தாது.

ஒரு முக்கியமான விஷயம், வெளிநாட்டு வீடியோ பாத்து கிளிசரின் பேரு லிஸ்ட்டோட மேல இருக்கற ஜெல் வாங்காதீங்க. கிளிசரின் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், நம்ம ஊரு ஐப்பசி கார்த்திகைல அது முடிய இன்னும் ஊத வைக்கும், பிசுபிசுன்னும் ஆகும். அதே மாதிரி சிலிக்கான்னா விஷம்ன்ற பேச்சையும் நம்பாதீங்க, கடலோர ஊருக்கு சிலிக்கான் நல்ல ரெயின்கோட், அப்பப்ப ஷாம்பூ போட்டு கழுவுனா போதும்.

பட்ஜெட் இல்லன்னா ஆளி விதை ஜெல் பண்ணிக்கோங்க. கால் கப் விதை, ரெண்டு கப் தண்ணி, சின்ன தீல கிளறிட்டே இருங்க. கரண்டிய தூக்கினா நூல் விட ஆரம்பிக்கும், அந்த நொடியே இறக்கி சூட்டோட வடிகட்டணும். ஆற விட்டீங்கன்னா துணில சிக்கி ஒரு சொட்டு இறங்காது. ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும், வாசனை மாறினா கொட்டிடுங்க.

மதுரை_மீனாட்சியம்மா:
ஏம்மா ஜெல்லு கில்லுன்னு இவ்வளவு எதுக்கு. எங்க வீட்ல நாலு பொம்பளப் புள்ளைகளும் சுருட்டைதான், செம்பருத்தி இலையக் கசக்கி அந்தக் கொழகொழப்புல தலைய அலசி விடுவோம், ஜெல்லுன்னு நீங்க சொல்றதும் அதுதானே. தலைக்கு குளிக்கிறதுக்கு மொத நாள் ராத்திரி தேங்காண்ணெய் வச்சுட்டு படுக்கணும், குளிச்சப்பறம் வைக்கிறது இல்ல. தொவட்டறதுக்கு அந்த பூத்துண்டு தடித்துண்டு எல்லாம் ஆகாது, ஈரிழைத் துண்டு இருக்குல்ல, அதுல சுத்தி ஒத்தி எடுத்தா போதும், தேய்க்கவே கூடாது. ராத்திரி பழைய பட்டுப் பாவாடைத் துணிய தலகாணி மேல போட்டுப் படு, சிக்கே விழாது. பின்னல் பிடிக்கலன்னா பகல்ல விட்டுக்க, யாரு கேக்கப் போறா, ராத்திரி மட்டும் தளர்வா உச்சில ஒரு கொண்டை போட்டுக்கம்மா.

வேதியியல்_தம்பி:
அம்மா சொன்னது அத்தனையும் சரி. குளிக்கறதுக்கு முன்னாடி தேங்காண்ணெய்ன்றதுக்கு ஆய்வே இருக்கு, 2003-ல வந்தது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் வச்சு ஒப்பிட்டுப் பாத்து, தேங்காண்ணெய் மட்டும்தான் முடில இருந்து புரதம் போறத நல்லா குறைச்சுதுன்னு காட்டுனாங்க. அதுல இருக்கற லாரிக் அமிலம் சின்ன நேர் சங்கிலி, முடிக்குள்ளயே போயிடும். ஆய்வு பண்ணது தேங்காண்ணெய் விக்கற கம்பெனியோட லேப்ன்றதையும் சொல்லிடறேன், ஆனா தர்க்கம் நிக்குது. செம்பருத்திய மட்டும் நல்லா வடிகட்டிடுங்க, சுருட்டைல துணுக்கு மாட்டினா ஆபீஸ் மீட்டிங்ல உதிரும்.

பார்லர்_வேணாம்:
கெரட்டின்னு சொன்னதால வந்தேன். பேருலதான் கெரட்டின், நேராக்கறது வேற கெமிக்கல். நெறைய கிரீம்ல ஃபார்மால்டிஹைடு வெளிவரும், அயர்ன் வைக்கும்போது கண்ணு எரியுதே, அதான், புற்றுநோய் உண்டாக்கற லிஸ்ட்ல இருக்கற பொருள். ஃபார்மால்டிஹைடு ஃப்ரீன்னு விக்கறதுல பலதுல கிளையாக்சிலிக் ஆசிட் இருக்கும். 2024-ல ஒரு பெரிய மருத்துவ இதழ்ல கேஸ் ரிப்போர்ட் வந்துச்சு, 26 வயசு பொண்ணு, இந்த ஆசிட் இருந்த கிரீம்ல மூணு தடவ முடிய நேராக்கியிருக்கா, மூணு தடவையும் கிட்னி பாதிப்பு. எல்லாருக்கும் வரும்னு சொல்லல. பண்றவங்க கிரீமோட டப்பாவ கேட்டு வாங்கிப் படிங்க, காட்ட மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. உங்களுக்கு சுருட்டையே வேணும்ன்றப்ப அந்தப் பேச்சே தேவையில்ல, அது மாசக்கணக்குல இறங்காது, நடுவுல வேர் சுருட்டை நுனி நேருன்னு நிக்கும்.

சுருட்டை_கோவை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. குழாய பாத்தேன், முனைல வெள்ளை கட்டி நகத்தால சொரண்டினா உதிருது, பக்கெட்லயும் கோடு. ஓனர் கிட்ட கேட்டா டிடிஎஸ் பாத்தாச்சு எல்லாம் நார்மல்ன்றாரு. அது போதுமா? அப்பறம் தண்ணிய கொதிக்க வச்சு ஆற வச்சா உப்பு போயிடும்னு ஒரு வீடியோல பாத்தேன், கெட்டில் இருக்கு, அது வேலைக்கு ஆகுமாங்க?

யாழ்_கிணறு:
நான் யாழ்ப்பாணம். எங்கட ஊர் முழுக்க சுண்ணாம்புக் கல்லுதான், கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வச்சா கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியும். நான் முதல் நாளே கொதிக்க வச்சு ஆறவிட்டு, மேல தெளிஞ்சதை மட்டும் வடிச்சு எடுத்து கடைசியாத் தலையில ஊத்துவன். எனக்கும் சுருள் முடிதான், நல்ல வித்தியாசம் தெரியுது. செய்து பாருங்கோ.

வேதியியல்_தம்பி:
யாழ் சகோ சொன்னது அவங்க ஊருக்கு வேலை செய்யும், ஏன்னா சுண்ணாம்புக் கல்லுல இருந்து வர்ற பைகார்பனேட் கொதிக்க வச்சா படிஞ்சிடும். ஓஎம்ஆர் கதை வேற, கடல் பக்கம்ன்றதால போர்ல குளோரைடு சல்ஃபேட் வகை அதிகமா இருக்கும், அது கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி வத்தி இன்னும் செறிவாகும். கெட்டில்ல நேரத்த செலவு பண்ணாதீங்க, அந்த ரெண்டு மக் கேன் தண்ணியே போதும்.

டிடிஎஸ் மீட்டர் கடினத்தன்மைய, அதாவது அக்கா சொன்ன கால்சியம் மெக்னீசியத்த, தனியா காட்டாது, கரைஞ்ச எல்லாத்தையும் சேத்து ஒரு நம்பர் தரும், அதுல சாதாரண சோடியம் உப்பும் அடக்கம். மீன் தொட்டி விக்கற கடைல ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட் கிடைக்கும், அதுல பாருங்க. குடிநீருக்கே கடினத்தன்மைல இந்தியத் தரம் ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற தண்ணி இல்லன்னா 600 வரைக்கும் விடறாங்க, அதனால ஓனரோட நார்மல் உங்க முடிக்கு நார்மல் இல்ல.

காரப்பாக்கம்_அக்கா:
ஓனர் கிட்ட சண்டை போட்டு ஒன்னும் நடக்காது, அடுத்த தடவ ரூம் மாத்தறப்ப வாடகை கேக்கறதுக்கு முன்னாடி பாத்ரூம் குழாய பாரு. இப்போதைக்கு இந்த வாரம் கிலேட்டிங் ஷாம்பூ ஒன்னு போட்டு பழைய படிவ எடுத்துட்டு அப்பறம் ஜெல்ல ஆரம்பி, படிவு மேலயே ஜெல் போட்டா வெள்ளை வெள்ளையா உதிரும், பொடுகுன்னு நெனச்சு பயந்துடுவ. ஆளி விதை நம்ம பக்கம் நாட்டு மருந்துக் கடைலயே கிடைக்குது, சூப்பர் மார்க்கெட் பாக்கெட்ட விட ரேட் கம்மி.