பிலிப்பைன்ஸ் பழங்குடிகளோடு பழகியவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலர் (டாவோ):
டாவோவில் மருத்துவம் படிக்கிறேன். ஊரில் போன் பேசினால் எல்லாரும் 'பிலிப்பினோ' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆகஸ்டில் இங்கே கடயாவான் திருவிழாவுக்கு வந்து பார்க்க வேண்டும். இந்த ஒரு நகரத்துக்கே 11 இனக்குழுக்கள் என்று கணக்கு. அத்தா, மட்டிக்சலுக், ஒபோ மனுவு, தகபாவா, கிளாத்தா என்று ஐந்து லுமாட் குழுக்கள், அதாவது முஸ்லிம் அல்லாத பழங்குடிகள். தவுசுக், மரனாவ், மகிந்தனாவோன் என்று தொடங்கி ஆறு முஸ்லிம் குழுக்கள். பூங்காவில் ஒவ்வொருவரும் தங்கள் பாணியில் வீடு கட்டி உட்கார்ந்திருப்பார்கள். நாலு வீடு ஏறி இறங்குவதற்குள் பேச்சும் உடையும் மாறிவிடும்.

ஆனால் என் மனதில் நின்றவர்கள் அந்தக் கணக்கில் வராத டிபோலி மக்கள். ஜெனரல் சாண்டோஸ், கொரொனடால் என்று பஸ் மாறி மாறி செபு ஏரிக்குப் போனோம் (செபு நகரம் வேறு). அங்கே திநாலக் என்ற துணி நெய்கிறார்கள். நூல் பருத்தி இல்லை, அபாக்கா நார். அபாக்காவும் வாழைதான், பழத்துக்கு அல்ல, நாருக்காக வளர்ப்பது. ஒவ்வொரு நாராக முடிந்து நீளமாக்கி, சாயம் ஏறக் கூடாத இடங்களை இறுக்கிக் கட்டி, ஒரு மரத்து இலையோடு போட்டு நாள்கணக்கில் வேகவைத்துக் கறுப்பேற்றுகிறார்கள். சிவப்பு ஒரு வேரிலிருந்து. நெய்து முடித்ததும் சோழியால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். நாங்கள் பார்த்த அம்மா பக்கத்தில் மாதிரிப் படம் எதுவும் இல்லை. அபாக்காவின் தெய்வமான ஃபூ டாலு கனவில் காட்டும் கோலம்தான் என்றார். லாங் டுலாய் என்ற நெசவாளருக்கு 1998இல் நாட்டின் வாழும் பொக்கிஷம் என்ற விருது கிடைத்தது, 2015இல் காலமானார்.

இந்தத் துணியை வெட்டினால் நோய் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. நகரத்துக் கடைகளில் அதையே வெட்டி பர்ஸ் தைத்து விற்கிறார்கள். நான் வாங்கவில்லை.

வயல்காட்டான் (லாஸ் பான்யோஸ்):
நெல் ஆராய்ச்சி வேலை என்பதால், மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கு வயல் வைத்திருக்கும் வடக்கு மலை இஃபுகாவோ மக்கள் பக்கம் போகாமல் இருக்க முடியுமா? எல்லாரும் பனாவே காட்சி முனையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1995இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது அந்த இடத்தை அல்ல. பதாத், பங்கான் போன்ற ஐந்து தொகுதிகளைத்தான். பதாத் போக நடக்க வேண்டும், முட்டி பேசும்.

அங்கே தினாவோன் நெல் வருடத்துக்கு ஒரு போகம்தான். வயலுக்கு மேலே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காடு உண்டு. அதை வெட்டாமல் வைத்திருந்தால்தான் கீழே தண்ணீர். அந்த அடுக்கு வயல்கள் 2000 வருடம் பழையவை என்று நாங்களும் படித்தோம். அண்மைக்கால அகழாய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன: ஸ்பானியருக்குப் பிடிகொடுக்காமல் மலையேறியவர்கள் சுமார் 400 வருடங்களுக்குள் எழுப்பியவை என்று. எனக்கு இந்தக் கதைதான் பெரிதாகத் தெரிகிறது. துரத்தப்பட்டவர்கள் ஒரு மலையையே வயலாக்கியிருக்கிறார்கள்! தங்கிய வீட்டுப் பெரியவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

அப்புறம், வடக்கு மலைக்காரர் எல்லாரையும் இகோரோட் என்று சொல்லிவிடாதீர்கள். இஃபுகாவோக்காரர் பலர் "நாங்கள் இஃபுகாவோ" என்று திருத்துவார்கள்.

சுந்தர் (துபாய்):
என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் கலிங்கா இனம், அவர்களும் வடக்கு மலைக்காரர்தான். அவரைப் பார்த்தவுடனே எல்லாரும் கேட்பது பச்சை குத்தும் பாட்டி வாங் ஓடைப் பற்றி. 2023இல் பாட்டி வோக் பத்திரிகையின் அட்டைப்படத்தில் வந்த பிறகு இன்னும் மோசம். நர்ஸுக்குச் சலித்துவிட்டது. "பாட்டி இருக்கும் அதே டிங்லாயன் பக்கத்தில் மக்லிங் டுலாக் என்று ஒருவர் இருந்தாரே, அவரைப் பற்றி ஏன் யாரும் கேட்பதில்லை?" என்பார். அந்தக்கால அதிபர் மார்கோஸ் ஆட்சியில் அங்கே ஓடும் சிக்கோ ஆற்றில் நான்கு அணைகள் கட்டத் திட்டமிட்டபோது எதிர்த்து நின்ற தலைவர். 1980 ஏப்ரல் 24 அன்று ராணுவத்தினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். திட்டத்தைக் கடைசியில் கைவிட வேண்டியதாயிற்று. ஊருக்கு ஊர் பகை வைத்திருந்தவர்களை அன்று ஒன்றாக நிற்க வைத்தது போதோங் என்ற சமாதான ஒப்பந்த முறை. அது இன்றும் உண்டு என்கிறார்.

சுவடிப்பித்தன்:
மிண்டோரோ தீவின் மங்யான் மக்கள் எட்டுக் குழுவினர். அவர்களில் ஹனுநுவோ, புஹித் இரண்டு குழுவுக்கும் சொந்த எழுத்து உண்டு. நம்முடையதைப் போல பிராமி வழி வந்தவை. ஒரு பையன் மூங்கிலில் கத்தி முனையால் கீறினான், தன் நெஞ்சருகே தொடங்கி வெளிப்பக்கமாக. அம்பஹான் என்ற பாட்டு, அடிக்கு ஏழு அசை. சொல்லின் கடைசி மெய்யெழுத்தை எழுதும் வழக்கம் பழைய முறையில் இல்லை. படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். புள்ளியில்லாத ஓலையை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியவன் என்பதால் எனக்கு அது கொஞ்சமும் விநோதமாகத் தெரியவில்லை.

மலர் (டாவோ):
பஜாவ் மக்களை யாரும் சொல்லவில்லையே. டிசம்பரில் ஜீப்னி என்ற இங்கத்து டவுன்பஸ்ஸில் ஏறி, டப்பாவில் செய்த முரசைத் தட்டி, மடியில் ஒரு கவரை வைத்துவிட்டுக் காசு கேட்கும் பிள்ளைகளாகத்தான் பலர் அவர்களை அறிவார்கள். சூலு கடலில் படகே வீடாக, மூழ்கி மீனும் முத்தும் எடுத்து வாழ்ந்தவர்கள். சண்டையும் கடற்கொள்ளையும் அவர்களில் பலரைக் கரைக்குத் துரத்தின. எங்கள் மருத்துவ முகாமுக்கு வந்த ஒரு தாத்தாவின் செவிப்பறை கிழிந்திருந்தது. ஆழத்தில் மூழ்குவோர் பலருக்கு இளமையிலேயே இப்படி ஆகிவிடுமாம். அவருக்கு சினாமா மொழிதான் தெரியும், எனக்குத் தெரிந்தது டாவோவில் பேசும் பிசாயா, அதுவும் அரைகுறை. பேத்திதான் நடுவில் நின்று, அவர் காதருகே கத்திக் கத்தி மொழிபெயர்த்தாள். அடுத்த முகாம் தேதி தெரிந்ததும் இங்கே போடுகிறேன், டாவோவில் இருப்பவர்கள் வரலாம். பிசாயா நன்றாகப் பேசுகிறவர்கள் கட்டாயம் வாருங்கள்.