அக்கா மகனின் வாசிப்புக்கு வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும், நாற்றங்காலை எப்போது தயார் செய்ய வேண்டும் என்றெல்லாம் பிசகாமல் சொல்வான். ஆனால் ‘கொக்கு’ என்று எழுதச் சொன்னால், கொம்பை எங்கே போடுவது என்று பேனாவை இறுக்கிப் பிடித்தபடி திணறுகிறான். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு என்கிறார் மருத்துவர். இது தெரியாமல் சோம்பேறி என்று அவனைத் திட்டிய நாட்களை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

பாடத்தைப் படம்பிடித்துக் கைபேசியை வாசிக்க வைத்துப் பார்த்தோம். குரல் ஓடுகிறது, அவன் கண் வரியைத் தவறவிடுகிறது. வாசிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டி, நிதானமாகத் தமிழ் படிக்கும் செயலி எதையாவது உங்கள் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. அடுத்த ஆண்டு அவனுக்குப் பொதுத்தேர்வு. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வாங்கியவர்கள், தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ எங்கே போனீர்கள், என்னென்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள். பயிற்சி தரும் சிறப்பாசிரியர் கும்பகோணத்தில் இருந்தாலும் சரி, வாரம் ஒருநாள் பஸ்ஸில் அழைத்துப்போக நான் தயார்.