பொலிகாளைச் சோதனை: ‘பால்வினை நோய்’ என்ற சொல் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

இனப்பெருக்கத்துக்கு வளர்க்கும் பொலிகாளைகளிடம் பசுவுக்குப் பரவும் நோய்கள் உண்டா என்று பார்க்கும் சோதனையைப் ‘பால்வினை நோய்ப் பரிசோதனை’ என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவில் எனக்குத் தயக்கம் உண்டு. மனித மருத்துவத்தில் ஊன்றிவிட்ட அச்சொல், ஒழுக்கம் பற்றிய ஒரு பழியையும் கூடவே இழுத்து வருகிறது. தொழுவத்தில் நின்று அதைச் சொன்னால் மாட்டுக்காரர் சிரிப்பார், அல்லது தமக்கும் ஒட்டுமோ என்று பதறுவார்.

இச்சோதனையில் தேடும் நோய்களில் முதன்மையானவை ஓரணு உயிரியால் வரும் டிரைக்கோமோனியாசிஸும், பாக்டீரியாவால் வரும் கேம்பைலோபாக்டீரியோசிஸும்தான். இவை தொற்றிய காளை பார்வைக்கு நலமாகவே இருக்கும். கிருமி அதன் முன்தோல் மடிப்புகளில் தங்கும். 4 வயதைக் கடந்த காளைகளில் அம்மடிப்புகள் ஆழப்படுவதால் அங்கேயே நிலைத்தும் விடும். பசுவிடம்தான் விளைவு தெரியும்: சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும், சில வேளை கன்று வீசும் (கரு கலையும்), சிலவற்றுக்குக் கருப்பையில் சீழ் கட்டும்.

‘புணர்வழி நோய்’ என்ற மாற்றுச் சொல் நேர்மையானது. ஆனால் இவை சினை ஊசிக்காக உறையவைத்துச் சேமிக்கும் உறைவிந்து வழியாகவும் பரவக்கூடும். அங்கே புணர்ச்சி ஏது? எனவே ‘பொலிவழி நோய்’ என்பதை முன்வைக்கிறேன். மந்தையில் விட்ட காளையும் பொலிகாளைதான், விந்து நிலையத்தில் வளர்வதும் பொலிகாளைதான். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லைப் பொலி என்றும், கல்வெட்டுகளில் வட்டியைப் பொலிசை என்றும் சொன்ன மொழிக்கு, பெருக்கத்தைக் குறிக்கும் இந்த வேர் புதிதன்று.

விந்து நிலையங்களில் காசநோய், குடலைத் தாக்கும் ஜோன்ஸ் நோய், கன்று வீசவைக்கும் புரூசெல்லோசிஸ் ஆகியவற்றுக்கும் சோதிக்கிறார்கள். அவற்றை இப்பெயருக்குள் அடக்க வேண்டாம். புரூசெல்லோசிஸ்கூடப் பெரும்பாலும் வீசிய கன்று, நஞ்சுக்கொடி, கசிவு வழியாகவே பரவுகிறது.

மாதிரி எடுப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். காளையை அசையாமல் நிறுத்தும் தடுப்புச் சட்டகத்துக்குள் நிறுத்தி, ரப்பர்க் குமிழ் பொருத்திய நீண்ட குழாயை முன்தோலுக்குள் செலுத்தி, முன்னும் பின்னும் தேய்த்தபடியே உறிஞ்சி எடுப்பார்கள். ‘சுரண்டல்’ என்றால் அரசியல் நுழைந்துவிடும். ‘உறை வழிப்பு’ என்றால் உறைவிந்தோடு குழம்பும். பானையை வழிப்பது போன்ற செயல் என்பதால் ‘முன்தோல் வழிப்பு’ போதும்.

முடிவை எழுதும்போது ‘நோயற்றது’ என்று எழுதக்கூடாது. ஒரே சோதனையில் கிருமி தப்பிவிடும் என்பதால்தான் வார இடைவெளியில் 3 முறை வழித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் ‘கிருமி காணப்படவில்லை’ என்றே இருக்கட்டும்.