மண்டபச் சுவருக்குக் கோலப் பலகை: பிளைவுட் உப்பாமல் இருக்க வழி?

லயத்துவீடு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம். மண்டபத்தின் முன்புறம் பலகைச் சுவர், மேலே தகரக் கூரை. அமெரிக்காவில் தானியக் கொட்டகைகளில் மாட்டும், ஒட்டுப்போர்வை வடிவம் தீட்டிய 'பார்ன் குவில்ட்' போல ஆறு பலகைகள், 4க்கு 4 அடி, பொங்கலுக்குள் மாட்ட வேண்டும். இங்கே பிளைவுட் ஒரே மழைக்காலத்தில் ஓரம் பிளந்துவிடுகிறது. எந்தப் பலகை, எவ்வளவு சாயம்? அவர்களுடைய நட்சத்திர வடிவமா, நம் கோலமா?

பலகைவேலை:
12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் பசையால் ஒட்டியது) வாங்குங்கள். 4க்கு 8 அடிப் பலகை ஒன்றில் இரண்டு வரும், ஆக மூன்று போதும். தண்ணீர் முகப்பு வழியாகப் போவதைவிட வெட்டிய ஓரம் வழியாகத்தான் அதிகம் உள்ளே போகும். ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து அண்டர்கோட் (அடிச்சாயம்) மூன்று தடவை ஊற ஊற அடியுங்கள். முன்னும் பின்னும் இரண்டு தடவை. பின்பக்கத்தை விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். ஆறு பலகைக்கும் ஓரத்தோடு சேர்த்து 5 லிட்டர் அண்டர்கோட் சரியாக இருக்கும்.

சுவரோடு ஒட்டி அறையாதீர்கள். பின்னால் ஓர் அங்குலச் சட்டம் செங்குத்தாக வைத்தால் காற்று போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். ஸ்குரூ ஸ்டென்லெஸ் ஸ்டீலாகவே இருக்கட்டும், சாதா ஆணி துரு வடித்துக் கோலத்தைக் கெடுக்கும். துளை போட்ட பிறகு அதற்குள்ளும் சாயம் தடவுங்கள். பலரும் விடுவது இதைத்தான்.

புள்ளிக்கோடு:
கோலமே போடுங்கள் தம்பி. இந்தப் பலகைகளை ஊர் ஊராகப் பார்த்துப் போகும் பார்ன் குவில்ட் பாதை 2001இல் ஒஹாயோ மாநிலம் ஆடம்ஸ் கவுண்டியில் தொடங்கியது. டோனா சூ குரோவ்ஸ், ஒட்டுப்போர்வை தைக்கும் தம் தாயாருக்காக ஆசைப்பட்டது அது. தங்கள் வீட்டுப் பெண்கள் தைத்த வடிவத்தைத்தான் அவர்கள் சுவரில் ஏற்றினார்கள். நம் வீட்டுப் பெண்களின் கை வாசலில் இருக்கிறது.

அளவும் அழகாக அமையும். 48 அங்குலத்தில் நான்கு பக்கமும் 4 அங்குலம் காவிக் கரை விட்டால் உள்ளே 40. ஐந்து புள்ளி ஐந்து வரிசைக்குப் பலகையின் ஓரத்திலிருந்து 8, 16, 24, 32, 40 அங்குலத்தில் புள்ளி. முதலில் பாட்டிமாரைத் தரையில் போடச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹிருதய கமலம் வேண்டாம், அது பூசையறையிலேயே இருக்கட்டும்.

நிறம்: காவியும் மஞ்சள் காவியும் இரும்பு ஆக்சைடு, நம் வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. பளபளக்கும் ரோஸ், ஊதா சீக்கிரம் போய்விடும்.

லயத்துவீடு:
நன்றி அக்கா, அண்ணே. டேப் ஒட்டி அடித்தால் அடியில் சாயம் கசிகிறதே? சிக்குக் கோலத்தின் வளைவுக்கு என்ன செய்வது?

பலகைவேலை:
டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் அடிநிறத்தையே மெல்லியதாக ஒரு தடவை தடவுங்கள். கசிவது அந்த நிறம்தான், தெரியாது. காய்ந்தபின் புது நிறம் இரண்டு கோட். கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரியுங்கள், முழுக்கக் காய்ந்தால் சாயத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். அடுத்த டேப் ஒட்ட ஒரு நாள் இடைவெளி. மழை நாளில் இரண்டு நாள்.

புள்ளிக்கோடு:
வளைவுக்கு டேப் சரிவராது. தடித்த அட்டையில் ஒரு வளைவை வெட்டி, அதையே ஒவ்வொரு புள்ளிக்கும் திருப்பி வைத்துப் பென்சிலால் வரையுங்கள். கோடு ஓர் அங்குல அகலம் வேண்டும், மெலிந்தால் சாலையிலிருந்து தெரியாது. ஓர் அங்குலத் தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் போங்கள். நடுவே நிறுத்த வேண்டியிருந்தால் கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் நிறுத்துங்கள், ஒட்டுத் தெரியாது.

பலகைவேலை:
மாட்டும்போது கீழ் ஓரம் தரையிலிருந்து இரண்டடியாவது மேலே இருக்கட்டும். தகரத்தில் வழியும் மழை மண்ணைத் தெறிக்கவைத்து வெள்ளைக் கோட்டில்தான் முதலில் பாசி பிடிக்கும்.