லீவுக்கு ஊருக்குப் போகிறீர்களா? படித்த ஜெர்மனைத் தொலைத்துவிடாதீர்கள்

புதிதாக ஜெர்மனி வந்து மொழி வகுப்பில் சேர்ந்திருக்கும் தங்கச்சி, தம்பிகளுக்கு. கோடை லீவு விட்டதும் ஆறு வாரம் ஊருக்குக் கிளம்புவீர்கள். தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் ஒரு விஷயம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

ஜெர்மன் மொழியில் ஏ2 நிலை முடித்த கையோடு, ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் தங்கச்சிமடம் போனேன். புத்தகம் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. திரும்பி வந்து அடுத்த நிலையான பி1 வகுப்பின் முதல் நாள், "லீவில் என்ன செய்தீர்கள்?" என்றார் டீச்சர். விமானத்தில் ஊருக்குப் போனேன், அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஜெர்மனில் நடந்து முடிந்ததைச் சொல்ல, வினையைப் பொறுத்து 'இஷ் பின்' போடுவதா, 'இஷ் ஹாபெ' போடுவதா? நாக்கு ஒட்டிக்கொண்டது. டீச்சர் பேசியது முழுக்கப் புரிந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. புதிதாக வந்தவர்களுக்கான அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்குப் பொதுவாக 600 பாடவேளைதான். அதில் பழையதை மீட்கவே இரண்டு வாரம் போனது.

அடுத்த வருஷம் இப்படிச் செய்தேன். அம்மா வீட்டுத் தினசரி காலண்டரில் காலையில் தாள் கிழித்ததும், அதன் பின்பக்கம் மூன்று வரி: நேற்று நடந்தது, ஜெர்மனில், இறந்த காலத்தில். ரெண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் சத்தமாக வாசித்து என் தப்பைத் திருத்துவான். அவனுக்கு வாசிப்பு விட்டுப்போகவில்லை, எனக்குப் பேச்சு.

ஒருநாள் அம்மா ஓட்டுக் கணவாய் கழுவும்போது மைப்பை உடைந்து கையெல்லாம் கறுப்பு. "டின்டன்ஃபிஷ்!" என்று கத்தினான் பையன். கணவாய்க்கு ஜெர்மனில் அதுதான் பெயர். 'டின்டெ' என்றால் மை. ஜெர்மனியில் அவன் பள்ளியில் மைப்பேனாவில்தான் எழுதுகிறார்கள், அதனால் அந்தச் சொல் அவனுக்குப் பழக்கம். அன்றைக்கு மூன்று வரியும் கணவாய்தான். அந்தச் சொல் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

வாரம் ஒருமுறை வகுப்புத் தோழி ஒருத்தியோடு போனில் பேசினேன். ஊரில் இரவு ஏழு என்றால் கோடையில் ஜெர்மனியில் மாலை மூன்றரை. கேட்பதற்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் இலவசப் பாடங்கள் போதும். இலக்கணப் புத்தகத்தைச் சுமக்காதீர்கள், திறக்க மாட்டீர்கள். போகுமுன் வகுப்பு அலுவலகத்தில் லீவை எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளை நாள் முழுக்க ஜெர்மனில் பேசச் சொல்லாதீர்கள். கால் மணி நேர வாசிப்பு போதும். மிச்ச நேரம் அம்மாச்சியோடு தமிழ் பேசட்டும். அந்தத் தமிழ் இங்கே எந்த வகுப்பிலும் கிடைக்காது.

காலண்டர் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் கொண்டுவாருங்கள். வகுப்புக்கு முந்தின ராத்திரி எல்லாவற்றையும் ஒரு தடவை சத்தமாகப் படியுங்கள்.