ஸ்லாப்ஸ்டிக்குக்குத் தமிழில் என்ன? முயல் காட்டூன் பாடத்துக்கு அவசரம்

திருகோணமலை நகரம், நாடக ஆசிரியை:

நம் கலைச்சொல் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் தர நாடகமும் அரங்கியலும் பாடத்துக்கு ஒரு கையேடு எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை போட்டோகொப்பிக்குக் கொடுக்க வேண்டும். பேச்சில்லாத நடிப்புக்கு உதாரணமாக ‘ராபிட்ஸ் இன்வேஷன்’ காட்டூனைக் காட்டப்போகிறேன். யூபிசாப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2006இல் வெளியிட்ட வீடியோ கேமில் வந்த முயல்கள் அவை, 2013இல் தொலைக்காட்சித் தொடராயின. ‘ப்வா’ என்று கத்துவதைத் தவிர அவற்றுக்குப் பேச்சு கிடையாது. சுவரில் மோதும், ஒன்றின் தலையில் ஒன்று விழும், அடுத்த நொடியே எழும்பி ஓடும். இந்த வகைக்கு ‘அடிதடி நகைச்சுவை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அடிதடி என்றால் பிள்ளைகளுக்குச் சண்டைதான் விளங்கும். வேறு சொல் தாருங்கள்.

உப்புவெளி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், புதிதாக ஆக்குவதற்கு முன் இருப்பதைப் பார்ப்போம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். உங்கள் முயல்களுக்குப் பேதைமை அப்படியே பொருந்தும். அங்கதம் என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம், அது வெளிப்படையாகச் சொல்லும் செம்பொருள், மறைத்துச் சொல்லும் கரந்தது என இரண்டாக வரும் வசை. உடல் அங்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் வினோதக் கூத்துகளைச் சொல்லும்போது குரவை, குடக்கூத்து, தோற்பாவை ஆகியவற்றோடு கரணத்தையும் வைக்கிறார். குட்டிக்கரணத்தில் இன்றும் உயிரோடு இருக்கிற சொல். ஆகவே ‘கரணநகை’. விழுவதும் புரளுவதும் அதற்குள் அடங்கிவிட்டன.

கிண்ணியா, வசன மொழிபெயர்ப்பாளர்:

சேர், இலக்கணம் சரி. ஆனால் பத்தாம் தரப் பிள்ளைக்கு நகை என்றால் கழுத்தில் போடுவது. ‘விழுநகை’ என்று போட்டால் யாரோ சங்கிலியைத் தொலைத்துவிட்டார்கள் என்றும், ‘அடிநகை’ என்று போட்டால் கொலுசு என்றும் நினைப்பார்கள். சிரிப்பு என்று நேரே சொல்வோமே. ‘சேட்டைச் சிரிப்பு’ எப்படி?

தம்பலகாமம், ஒப்புநோக்குநர்:

சேட்டை வேண்டாம். அது சேஷ்டா என்ற வடசொல் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், நம் நாட்டுப் பத்திரிகைகளில் பெண்களுக்குக் கொடுக்கும் தொந்தரவை ‘அங்கசேஷ்டை’ என்றும் ‘பாலியல் சேட்டை’ என்றும் எழுதி எழுதி அந்தச் சொல்லே கறைபட்டுவிட்டது. பிள்ளைகளின் கையேட்டில் அது நுழையக்கூடாது. நல்ல தமிழில் கோணங்கி இருக்கிறது. கோண் என்றால் வளைவு. கோணல், கோணுதல், முகத்தைக் கோணுதல் எல்லாம் அந்த வேர். உடம்பைக் கோணிச் சிரிக்க வைப்பவன் கோணங்கி. ‘கோணங்கிக் கூத்து’. நம்முடைய கோணமலையும் இதே வேர்தான் என்று எனக்கு நெடுநாளாக ஒரு எண்ணம். கடலுக்குள் வளைந்து நீண்டு நிற்கும் முனை அல்லவா?

உப்புவெளி:

தம்பி, இதை விட்டுவிட்டுப் போக முடியாது. சம்பந்தர் ‘கோணமாமலை அமர்ந்தாரே’ என்று பாட்டுக்குப் பாட்டு முடித்த பெயர் அது. மலையின் வடிவத்தால் வந்ததா, அங்கே கோயில் கொண்ட கோணேசராலா என்று ஆயிரம் கருத்து உண்டு, அதைத் தனியாகக் கதைப்போம். கோணங்கிக்குத் துணையாகக் கோணமலையை இழுக்க வேண்டாம்.

மூதூர், கணினி ஆசிரியர்:

வேர் ஆராய்ச்சிக்கு நடுவில் காட்டூனையே மறந்துவிட்டோம். நான் அந்த கேமை விளையாடியவன். 2006இல் வந்ததில் பெரும்பகுதி சின்னச் சின்ன ஆட்டங்கள்: பசுவைச் சங்கிலியில் கட்டிச் சுழற்றி எறிவது மாதிரி. வீ என்ற கேம் கருவியில் அதற்கு நாமே கையை வீசிச் சுழற்ற வேண்டும், ஆடுகிறவரைப் பார்த்தே பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். கேமில் தவறினால் தோற்பது நாம். காட்டூனில் விழுவது முயல், நமக்கு இழப்பில்லை, அதற்கும் காயமில்லை. அந்தக் காயமின்மைதான் இந்த வகையின் உயிர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான பொருளைப் பாருங்கள்: இத்தாலியக் கொமெடியா டெல்லார்ட்டே நாடகத்தில் ஆர்லெக்கீனோ என்ற கோமாளி வைத்திருந்த தட்டை. இரண்டு மெல்லிய மரப்பலகைகளைச் சேர்த்துச் செய்தது. அடித்தால் பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிய சத்தம் வரும், வாங்கியவனுக்கு வலிக்காது. ஆகவே நம் சொல்லில் அடி இருப்பதைவிட எழும்புவது இருக்க வேண்டும். ‘விழுந்தெழு பகிடி’ என்கிறேன். வேடிக்கைக்குப் பகிடி என்பது நம் வாயில் தினமும் இருக்கிற சொல். ‘விழுந்து விழுந்து சிரிப்பது’ என்பதில் விழுகிறவர் பார்ப்பவர், இங்கே விழுகிறது முயல், அந்தக் குழப்பத்தையும் ‘எழு’ தீர்த்துவிடும்.

பி.கு: அடுத்த பாடத்துக்கு ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ எடுத்தால் கெற்றப்போல் என்றே எழுதுங்கள், கவண் என்றால் பிள்ளைகளுக்குத் தெரியாது.

தம்பலகாமம்:

கவண் தெரியாதா? தினைப்புனத்தில் கிளி ஓட்டிய கவண் ஐயா அது! தமிழ்நாட்டில் உண்டிவில் என்றும் சொல்கிறார்கள். தெரியாவிட்டால் தெரிவிப்பதற்குத்தானே பள்ளிக்கூடம்?

உப்புவெளி:

கவண் வேறு, உண்டிவில் வேறு. கவண் கயிற்றில் கல்லை வைத்துச் சுழற்றி எறிவது, உண்டிவில் வில்லில் உண்டையை வைத்து விடுவது. அந்தப் பறவைகளை விடுவது கவைக்கம்பில் கட்டிய றப்பரால். அதற்குக் கெற்றப்போலே சரி, இதில் மூதூர் தம்பியின் பக்கம் நான். பகிடியில் இல்லை. பல்கலைக்கழகங்களில் பகிடிவதை என்று ஒன்று நடந்து, அதைத் தடுக்க 1998இல் சட்டமே போட வேண்டி வந்தது. சேட்டை கறைபட்டது என்றால் பகிடி படவில்லையா?

கிண்ணியா:

சேர், அங்கே கறை வதையில் இருக்கிறது. வீட்டில் இப்போதும் ‘பகிடி விடாதே’ என்று சிரித்துக்கொண்டுதானே சொல்கிறோம். நான் மூதூர் பக்கம். வீடியோ கேமை என்ன செய்யப்போகிறீர்கள் டீச்சர்? விக்கிப்பீடியாவில் நிகழ்பட ஆட்டம் என்று இருக்கிறது.

திருகோணமலை நகரம்:

வீடியோ கேம் வீடியோ கேமாகவே இருக்கட்டும், ஒரு பக்கத்தில் இரண்டு புதுச்சொல் தாங்காது. நேற்று இரண்டு பிள்ளைகளிடம் எல்லாச் சொற்களையும் வாசித்துக் காட்டினேன். கரணநகைக்குப் பேசாமல் இருந்தார்கள். கோணங்கிக் கூத்துக்குச் சிரித்தார்கள், ஆனால் கோமாளி வேடம் போட்ட ஆளைத்தான் நினைத்தார்கள். விழுந்தெழு பகிடி என்றதும் ஒருத்தி எழும்பி விழுந்தே காட்டினாள். எனக்கு அது போதும், கையேட்டில் அதையே போடுகிறேன். கரணம் பற்றி ஐயா எழுதியதைப் பக்கத்தின் கீழே சிறு எழுத்தில் சேர்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

தம்பலகாமம்:

சரி, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் சென்னையில் இருப்பவருக்குப் பகடி தெரியும், அதுவும் கேலியாக எழுதிக் காட்டுவதற்கு, பகிடி தெரியாது. கலைச்சொல் எல்லா நாட்டுத் தமிழருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

மூதூர்:

அவர்களுடைய சொற்களை நாம் படித்து விளங்கிக்கொண்டது போல அவர்களும் ஒரு சொல்லை நம்மிடம் இருந்து படிக்கட்டும்.

உப்புவெளி:

கையேட்டுக்கு எது வேண்டுமானாலும் போடுங்கள் மகள், வெள்ளிக்கிழமை உங்களுடையது. குழுவின் கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது மட்டும் என் மறுப்பையும் சேர்த்துப் பதியுங்கள். மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் எழுதிய உரையை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன், பேதைமைக்கும் மடனுக்கும் உள்ள வேறுபாட்டை நாளை தனி மடலில் எழுதுகிறேன்.