‘ஓடை மாதிரி’ என்றால் என்ன? மாடலுக்கு வேறு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

செயலியின் நிரலை மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று மூன்றாகப் பிரிக்கும் எம்விசி சட்டகத்தை (ஃப்ரேம்வொர்க்) வைத்து எளிய ஓடைப்படிப்பான் ஒன்றைக் கட்டும் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓடை என்பது ஃபீடு: ஒரு தளம் தன் புதிய பதிவுகளைச் செயலிகள் படிக்கும்படி தரும் பட்டியல். பயனர் ஓர் ஓடையின் முகவரியைக் கொடுப்பார். செயலி அதைப் போய் எடுத்துவந்து, புதிய பதிவுகளைச் சேமித்து, படிக்காதவற்றை வரிசையாகக் காட்டும். வேறு ஒன்றும் இல்லை. தரவைக் கவனிக்கும் மாடல், அதைத் திரையில் காட்டும் வியூ, பயனர் கேட்பதை வாங்கி இரண்டையும் இயக்கும் கன்ட்ரோலர் மூன்றுக்கும் மாதிரி, காட்சி, கட்டுப்படுத்தி என்று நம் மடற்குழுவில் ஏறக்குறைய முடிவாகியிருந்ததால் அவற்றையே கையாண்டேன். இரண்டாம் பக்கத்திலேயே இடறியது.

இடறிய வரி இது: “முதலில் ஓடை மாதிரி ஒன்றை உருவாக்குங்கள். அடுத்து, பதிவு மாதிரி ஒன்று.”

நிரலெழுதக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். “ஓடை மாதிரின்னா, ஓடையே இல்ல, அது போல இன்னொண்ணா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. ஒரு பெயருக்குப் பின்னால் மாதிரி வந்தால் தமிழ்க் காதில் அது ‘போல’ என்றுதான் விழும். தனியாக நிற்கும்போது நல்ல சொல்தான். ஆனால் இந்தச் சட்டகங்களில் அது தனியாக நிற்பதே அபூர்வம். பயனர் மாதிரி, ஓடை மாதிரி, பதிவு மாதிரி என்று எப்போதும் இன்னொரு பெயரின் வாலாகவே வருகிறது. போதாக்குறைக்கு, சோதனைக்காக இடும் தரவையும் மாதிரித் தரவு என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். “பதிவு மாதிரியில் மாதிரிப் பதிவுகள் ஐந்தைச் சேருங்கள்” என்று எழுதிப் பாருங்கள். எழுதிய எனக்கே மறுநாள் புரியவில்லை.

இதே மடல் இழையில், மாடலுக்குத் ‘தரவுரு’ என்றொரு பரிந்துரை வந்தது. எழுத்துரு போல ஒலிப்பதால் எனக்கு உடனே பிடித்தது. இரண்டு நாள் அதையே வைத்து எழுதினேன். அதை ஏன் கைவிட்டேன் என்பதற்கு என் நிரலில் வந்த ஒரு வழுவை (பிழையை) சொல்ல வேண்டும்.

ஒரே பதிவு இரண்டு முறை சேராமல் பார்த்துக்கொள்வதுதான் ஓடைப்படிப்பானின் முக்கிய வேலை. ஓடைகளை எழுத ஏட்டம் (Atom), ஆர்எஸ்எஸ் (RSS) என்று இரண்டு வடிவங்கள் உண்டு. ஏட்டம் ஓடையில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாளம் கட்டாயம். ஆர்எஸ்எஸ் 2.0-இல் அது விருப்பம்தான். இல்லாவிட்டால் இணைப்பை வைத்துச் சமாளிக்க வேண்டும். “அடையாளத்தைப் பார், ஏற்கெனவே இருந்தால் சேர்க்காதே” என்ற விதியை நான் கட்டுப்படுத்தியில் எழுதியிருந்தேன். பயனர் ‘புதுப்பி’ பொத்தானை அழுத்தியபோதெல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு, அரை மணிக்கு ஒரு முறை தானாக ஓடைகளைப் பார்த்துவர ஒரு பின்னணி வேலையை வைத்தேன். அது கட்டுப்படுத்தியின் பக்கமே வராமல் நேரே தரவுத்தளத்தில் சேர்த்தது. காலையில் பார்த்தால் ஒவ்வொரு பதிவும் பத்துப் பதினைந்து தடவை! விதியை மாடலுக்குள் நகர்த்திய பிறகுதான் சரியானது; யார் எந்த வழியாக வந்தாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஆகவே மாடல் என்பது தரவின் வடிவம் மட்டும் இல்லை. ஓடை என்றால் எது, எப்போது ஒரு பதிவு புதியது என்ற அறிவும் அதற்குள் இருக்கிறது. 1979-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இந்த அமைப்பை வகுத்த டிரிக்வே ரீன்ஸ்காக் தம் குறிப்பில் மாடல்கள் அறிவைக் குறிப்பவை என்றே எழுதினார். தரவுரு என்று கற்பித்தால், கற்பவர் தலைப்பு, இணைப்பு போன்ற தரவுப் புலங்களை மட்டும் அதில் வைத்துவிட்டு விதிகளை எல்லாம் கட்டுப்படுத்தியில் கொட்டுவார், நான் செய்தது போலவே. சொல்லே ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும்.

என் பரிந்துரை ஒப்புரு. வெளியுலகில் உள்ள ஒன்றுக்கு ஒப்பாக, அதன் நடத்தையோடு, நிரலுக்குள் நாம் அமைக்கும் உரு. ஓடை ஒப்புரு, பதிவு ஒப்புரு, பயனர் ஒப்புரு: எங்கும் ‘போல’ என்று கேட்கவில்லை. ஒப்புருக்கள், ஒப்புருவில், ஒப்புருவிலிருந்து என்று வேற்றுமைக்கும் இசைந்து கொடுக்கிறது. “பதிவு ஒப்புருவில் மாதிரிப் பதிவுகள் ஐந்தைச் சேருங்கள்” என்பது இப்போது ஒரே வாசிப்பில் புரிகிறது.

நேற்றைய மடலில் வந்த தடை ஒன்று: சிமுலேஷனுக்கு ஒப்புருவாக்கம் என்று சிலர் எழுதுகிறார்களே, குழம்பாதா? குழம்பாது என்றே நினைக்கிறேன். அங்கேயும் ஒன்றின் ஒப்புருவை அமைத்து அதைத்தான் ஓட்டிப் பார்க்கிறோம்; இரண்டும் ஒரே வேரிலிருந்து வருவது நல்லதுதான். ஒப்புரவு என்ற பழஞ்சொல்லோடு எழுத்துப்பிழையில் கலந்துவிடும் என்ற அச்சத்துக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. கவனமாகத்தான் தட்டச்சிட வேண்டும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. வியூவுக்குக் காட்சி போதும். ஒரே பதிவுகளை உலாவியில் பட்டியலாகவும் வேறொரு செயலிக்கு எக்ஸ்எம்எல் ஆகவும் தருவதை ‘இரண்டு காட்சிகள்’ என்றால் யாருக்கும் விளங்கும். கட்டுப்படுத்தி நீளம்தான், ஆனால் தவறாக வழிகாட்டவில்லை; இருக்கட்டும். ஃபீடுக்கு ஊட்டம் வேண்டாம். வலைப்பதிவுத் திரட்டிகளின் காலத்திலேயே ஓடை வேரூன்றிவிட்டது, அதைப் பிடுங்கக் கூடாது. இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கும் ஸ்ட்ரீமுக்குத் தாரை என்று பிரித்துக்கொள்ளலாம்.

ரவுட்டிங் பற்றி மட்டும் ஓர் ஆசை. வந்த முகவரியைப் பார்த்து “நீ இந்தக் கட்டுப்படுத்தியிடம் போ” என்று அனுப்பும் அந்த வேலைக்கு ஆற்றுப்படுத்தல் என்று சொல்லலாமா? பரிசு பெற்று வருபவர், வறுமையில் எதிரே வருபவருக்கு, எந்த வழியே யாரிடம் போக வேண்டும் என்று சொல்வதுதானே ஆற்றுப்படை. ரவுட்டர் என்ற வலையமைப்புக் கருவிக்குத் திசைவி இருக்கிறது. சட்டகத்தின் உள்ளே நடப்பதற்கு இது தனியாக நிற்கும். உளவள ஆலோசனைக்கும் இச்சொல் வழங்குவது தெரியும். அந்தத் துறையும் நம் பாடமும் ஒரே பக்கத்தில் சந்திக்கப் போவதில்லை.

முதல் இயலை ஒப்புரு என்று மாற்றி எழுதி இணைத்திருக்கிறேன். சொல்லைத் தனியாகப் பார்க்காமல், உங்கள் நிரலில் உள்ள ஏதாவது மூன்று மாடல்களின் பெயரோடு சேர்த்து வாக்கியமாக எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். எங்கே இடறுகிறதோ அந்த வாக்கியத்தையே அனுப்புங்கள். இரண்டாம் இயலை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன்.